ஈறில் இரத்தம் நின்ற விதம்

கீழ் முன்பற்களின் உட்பக்கம்தான் எனக்குத் தொல்லை. தீட்டினால் ஈறில் இரத்தம். திருகோணமலை உவர்மலையில் ஒரு பல் வைத்தியர் காறையைச் சுரண்டி எடுத்தார். பல்லில் படியும் மெல்லிய படலம் இறுகிக் காறையாகிவிட்டால் பிரஷுக்கு அசையாது, படலமாக இருக்கும்போதே எடுத்துவிட வேண்டுமாம். சாயக் குளிசை ஒன்றைத் தந்து மென்று பார்க்கச் சொன்னார். படலம் நின்ற இடமெல்லாம் சிவந்தது, பெரும்பாலும் ஈறோரம்.

இப்போது மென்மையான பிரஷை ஈறை நோக்கி 45 பாகை சரித்து, இரண்டிரண்டு பல்லாகச் சின்னச் சின்ன அசைவு. முன்பற்களின் உட்பக்கத்துக்கு மட்டும் பிரஷை நிமிர்த்திப் பிடிக்கிறேன். அழுத்துவதில்லை, அழுத்தினால் ஈறு தேயும். கைபேசியில் 2 நிமிடம். “பல்லைக் கழற்றியே கழுவுறாய்?” என்கிறார் அம்மா. நேரத்தை மட்டும் கூட்டியபோது பெரிய பலன் இல்லை, கோணம் மாறிய பிறகுதான் இரத்தம் நின்றது. பல்லிடுக்குக்குள் பிரஷ் போகாது. அதற்கு இரவில் பல்நூல்.