போத்தலுக்குள்ள கற்கண்டு வளத்த என்ட அனுபவம்

மகள்ட விஞ்ஞானப் பாடத்துக்கு போத்தலுக்குள்ள சீனிப் பளிங்கு வளப்பம் எண்டு தொடங்கினன், மட்டக்களப்பில மாரி மழை கொட்டுற நேரம், எட்டு நாளாகியும் சீனிப் பாகில தொங்கவிட்ட நூல்ல ஒண்டுமில்ல, அடியில மட்டும் கட்டியா ஒரு தட்டு. புள்ளட முகம் வாடிப் போச்சு. யோசிச்சுப் பாத்தா ரெண்டு பிழை. நூலைப் பாகில தோச்சு சீனியில புரட்டி ஈரத்தோடயே இறக்கிட்டன், ஒட்டின சீனியெல்லாம் கழண்டு அடிக்குப் போய் அங்கதான் வளந்திருக்கு. மற்றது மூடியை இறுக்கிப் பூட்டினது, தண்ணி ஆவியாக வழியே இல்ல.

மறுகா அதையே கொஞ்சம் தண்ணி விட்டு ஒரு சீனி மணியும் மிஞ்சாமக் கரையுமட்டும் சூடாக்கினன். 1 கோப்பை தண்ணிக்கு 3 கோப்பை சீனி, சூட்டிலதான் அவ்வளவும் கரையும், ஆறினாப் பிறகு தண்ணியால தாங்க ஏலாத சீனிதான் பளிங்கா வாறது. இந்தத் தரம் சீனியில புரட்டின நூலை ரெண்டு நாள் அடுப்புக்குப் பக்கத்தில நல்லாக் காயவிட்டு, பாகு ஆறினதும், சுவர்லயும் அடியிலயும் படாம ஈர்க்கில கட்டித் தொங்கவிட்டன், வாய்க்கு மெல்லிய துணி. எறும்புக்காக தண்ணி ஊத்தின தட்டுக்கு நடுவில வெச்சன். ஆட்டவே கூடாது, புள்ளைக்கு அதுதான் பெரிய கஷ்டம். நாலாம் நாள் மினுங்கத் தொடங்கி, ரெண்டு கிழமையில விரல் மொத்தத்துக்கு வந்திட்டு.