நெட் சுற்றினாலும் பாடம் நிற்காமல் இருக்க

கல்வராயன் மலையில் ஒரு நடுநிலைப் பள்ளியில் ஆறு முதல் எட்டு வரை அறிவியல் எடுக்கிறேன். "டீச்சர், நெட்டு சுத்துது" என்று எங்கள் பிள்ளைகள் சொன்னால், திரையில் வட்டம் சுற்றுகிறது, இனி வீடியோ வராது என்று பொருள். மழை மூட்டம் போட்டால் அதுவும் இல்லை. சிக்னல் கோடே காணாமல் போய்விடும்.

அரசு தன் பங்குக்குப் பொருட்களைக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறது. 2018-ல் பாடநூல் மாறியபோது பக்கத்துக்குப் பக்கம் க்யூஆர் கோடு வந்தது. 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி, 2023-ல் மணற்கேணி செயலி. அப்புறம் 22,931 தொடக்கப் பள்ளி வகுப்பறைகளுக்குத் திறன்மிகு திரை, 79,723 ஆசிரியர்களுக்குக் கைக்கணினி என்று அறிவிப்புகள். எல்லாம் நல்லதுதான். ஆனால் இத்தனைக்கும் அடியில், வகுப்பறைக்குள் நெட் இருக்கிறது என்ற நினைப்பு ஒன்று இருக்கிறது. எங்களைப் போன்ற ஊர்களில் அந்த நினைப்பை நம்பிப் பாடக்குறிப்பு எழுதினால் பாதி பீரியட் காத்திருப்பிலேயே போகும்.

எனவே நான் சொல்வது ஒன்றே. நெட்டை வகுப்பில் தேடாதீர்கள். நெட் இருக்கும் இடத்தில், இருக்கும் நேரத்தில் வேண்டியதை இறக்கி, கையோடு மலைக்குக் கொண்டு போங்கள். எனக்கு அந்த இடம் கள்ளக்குறிச்சி வீடு, நேரம் ஞாயிறு இரவு. உங்களுக்கு ஊராட்சி ஒன்றியத் தலைமையிடத்தில் உள்ள வட்டார வள மையமாகவோ, பையன் தங்கியிருக்கும் விடுதியாகவோ இருக்கலாம்.

முதலில் வரும் வாரத்தின் பாடத்தை எடுத்து வைத்துக்கொண்டு, எதற்குத் திரை வேண்டும், எதற்கு வேண்டாம் என்று பிரியுங்கள். இதில் கொஞ்சம் கறாராக இருக்க வேண்டும். ஏழாம் வகுப்பில் தாவரங்களின் இனப்பெருக்கத்துக்கு வீடியோ எதற்கு? பள்ளி வேலியிலேயே செம்பருத்தி பூத்திருக்கிறது, பிளேடு இருந்தால் போதும். அதே வகுப்பின் அணு அமைப்புக்குக் கண்ணால் காட்ட நம்மிடம் ஒன்றுமே இல்லை. திரையை அதற்கு வைத்துக்கொள்ளுங்கள். இப்படிப் பிரித்தால் வாரத்துக்கு இறக்க வேண்டியது இரண்டு மூன்று உருப்படிதான் தேறும்.

பாடநூல் க்யூஆர் கோடு பற்றி. புத்தகத்தை மேசையில் விரித்து, மத்திய அரசின் பாடச் செயலியான தீக்‌ஷா செயலியில் கோடை ஸ்கேன் செய்யுங்கள். அச்சு மங்கியிருந்தால் கவலை வேண்டாம். கட்டத்துக்குக் கீழே ஆறு எழுத்தும் எண்ணுமாக ஒரு குறியீடு இருக்கிறது, அதைத் தட்டச்சு செய்தாலும் அதே இடத்துக்குப் போகும். திறந்ததும் அங்கேயே பார்த்துவிட்டு மூடிவிடாமல், பதிவிறக்கும் குறியைத் தட்டுங்கள். பிறகு நெட் இல்லாமலேயே திறக்கலாம். இறக்கிய பாடத்தைக் கோப்பாகப் பக்கத்து ஆசிரியர் போனுக்கு அனுப்பவும் முடியும், அதற்கும் நெட் தேவையில்லை. ஒன்று மட்டும் கவனம்: சில கோடுகளுக்குப் பின்னால் நல்ல வீடியோ இருக்கும், சிலவற்றில் வெறும் பிடிஎப்தான். இறக்கும் முன் ஒரு நிமிடம் ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

யூடியூப் செயலியிலேயே இறக்கி வைப்பதை நம்ப வேண்டாம். இலவசக் கணக்கில் அது நீண்ட நாள் தங்காது. வெள்ளிக்கிழமை இறக்கியது திங்கட்கிழமை மலையில் திறக்காமல் போகலாம்.

இனி எனக்குப் பிடித்த விஷயத்துக்கு வருகிறேன். அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகம் ஃபெட் என்ற பெயரில் அறிவியல் பாவனைகளை, அதாவது திரையிலேயே நாம் இயக்கிப் பார்க்கும் சோதனைகளை, இலவசமாகத் தருகிறது. நோபல் பெற்ற இயற்பியலர் கார்ல் வீமன் 2002-ல் தொடங்கியது. பல பாவனைகள் தமிழிலும் இருக்கின்றன. பாவனையின் பக்கத்தில் உள்ள பதிவிறக்கக் குறியைத் தட்டினால் ஒரே ஒரு எச்டிஎம்எல் கோப்பாக இறங்கும், சில எம்பிதான். லேப்டாப்பில் அதை இரட்டைச் சொடுக்கினால் உலாவியில் திறக்கும், நெட் வேண்டாம். டேப்லெட்டில் சில நேரம் வெறும் வெள்ளைத் திரை வரும். அப்போது குரோமில் திற என்று தேர்ந்தெடுத்துப் பாருங்கள், சரிவராவிட்டால் லேப்டாப்பையே புரொஜெக்டரில் மாட்டிவிடுங்கள்.

ஏழாம் வகுப்பு மின்னோட்டவியலுக்கு அதில் உள்ள மின்சுற்றுப் பாவனையை எடுத்துக்கொள்ளுங்கள். மின்கலம், பல்பு, சாவி, கம்பி எல்லாம் இழுத்து வைக்கலாம். சுற்று முழுமையானதும் கம்பிக்குள் எலக்ட்ரான்கள் நகர்வது தெரியும். இதைக் கரும்பலகையில் எந்த ஜென்மத்திலும் காட்ட முடியாது. மின்கலத்தின் இரண்டு முனையையும் ஒரே கம்பியால் நேராக இணைத்தால் திரையில் தீப்பிடிக்கும். பிள்ளைகள் திரும்பத் திரும்ப அதைத்தான் செய்வார்கள், விடுங்கள். குறுக்குச் சுற்று என்றால் என்ன என்று அதன்பின் யாருக்கும் விளக்க வேண்டியிருக்காது. ஆனால் ஒரு வேண்டுகோள்: முதலில் டார்ச் செல்லையும் சிறிய பல்பையும் கம்பியையும் கையில் கொடுத்து எரிய வைக்கச் சொல்லுங்கள், திரை அதற்குப் பிறகு வரட்டும். திரையில் எரிந்த பல்பு சுடாது.

சரி, பிள்ளைகள் தாங்களே தேடிப் படிக்க என்ன செய்வது? அதற்கு கைவிக்ஸ். முழு விக்கிப்பீடியாவையும் ஒரே கோப்பாக இறக்கி நெட் இல்லாமல் படிக்க வைக்கும் இலவச மென்பொருள் இது. தமிழ் விக்கிப்பீடியாவும் தமிழ் விக்சனரியும் இதில் கிடைக்கின்றன. படங்களோடு உள்ள பதிப்பு, படமில்லாத பதிப்பு, கட்டுரையின் முன்னுரை மட்டும் உள்ள பதிப்பு என்று அளவுக்கேற்ப இருக்கும். இடம் இருந்தால் படத்தோடு உள்ளதையே எடுங்கள். படமில்லாத இதயக் கட்டுரையை வைத்து எட்டாம் வகுப்புப் பிள்ளை என்ன செய்யும்?

இதில் இரண்டு இடத்தில் மாட்டிக்கொள்வார்கள். பழைய மெமரி கார்டும் பென்டிரைவும் பெரும்பாலும் ஃபேட்32 என்ற பழைய கோப்பு முறையில் இருக்கும், அதில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பு ஏறாது. கார்டில் 32 ஜிபி காலியாக இருந்தும் "இடமில்லை" என்று சொல்கிறதே என்று குழம்புவது இதனால்தான். உள்ளே இருப்பதை வேறிடத்தில் எடுத்து வைத்துவிட்டு, கார்டை எக்ஸ்ஃபேட் முறைக்கு ஃபார்மேட் செய்யுங்கள். இன்னொன்று, ப்ளே ஸ்டோரில் உள்ள கைவிக்ஸ், கணினியிலிருந்து நாம் நகலெடுத்துப் போட்ட கோப்பைத் தானாகக் கண்டுபிடிக்காது. கைவிக்ஸ் தளத்திலேயே ஆண்ட்ராய்டுக்கான முழுப் பதிப்பு இருக்கிறது, அதை நிறுவிக்கொண்டால் இந்தத் தொல்லை இல்லை.

இப்போது அந்த ஒரு போனையே வகுப்புக்கு நூலகமாக்கலாம். மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு ஹாட்ஸ்பாட்டை மட்டும் போடுங்கள். கைவிக்ஸ் மெனுவில் 'ஹோஸ்ட் புக்ஸ்' என்பதைத் திறந்து, விக்கிப்பீடியாவைத் தேர்ந்தெடுத்து, தொடங்கு என்று தட்டினால் எண்களாக ஒரு முகவரி காட்டும். 192 என்று தொடங்கி 8080 என்று முடிவது போல இருக்கும். அதைக் கரும்பலகையில் பெரிதாக எழுதுங்கள். டேப்லெட்டையோ லேப்டாப்பையோ உங்கள் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து, உலாவியில் அந்த எண்ணை அப்படியே தட்டினால் விக்கிப்பீடியா வந்துவிடும். "இந்த வைஃபையில் இணையம் இல்லை, இணைப்பில் இருக்கவா?" என்று கருவி கேட்கும். ஆம் என்று சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அது தானாகக் கழன்றுகொள்ளும். பல போன்களில் எட்டு, பத்து கருவிக்கு மேல் சேராது. எங்கள் வகுப்பில் ஒரு கருவிக்கு நான்கு பேர் உட்காருவதால் எனக்கு இது போதும். முற்றுப்புள்ளி, முக்காற்புள்ளி மாற்றித் தட்டிவிட்டு "வரல டீச்சர்" என்பார்கள், போய்ப் பார்த்துத் திருத்துங்கள். நான்கைந்து வகுப்புக்குப் பிறகு அவர்களே ஒருவரையொருவர் திருத்திக்கொள்வார்கள்.

கருவி எங்கே கிடைக்கும் என்று கேட்பீர்கள். ஊரில் அண்ணன், அக்காக்களுக்கு 2011-க்குப் பிறகு வந்த அரசு லேப்டாப்புகள் வீட்டுப் பரணில் கிடக்கும். பேட்டரி போயிருந்தாலும் சார்ஜரோடு ஓடும். பழைய கருவிகளில் விண்டோசோடு, மத்திய அரசு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் என்ற இயங்குதளமும் சேர்த்தே கொடுத்தார்கள். விண்டோஸ் திணறினால் லினக்ஸில் போய்ப் பாருங்கள், வேகம் பரவாயில்லாமல் இருக்கும். பெற்றோரிடம் கேட்டு வாங்கும்போது உள்ளே இருக்கும் கல்யாண போட்டோக்களை முதலில் நகலெடுத்துக் கொடுத்துவிடுங்கள். அப்போதுதான் அடுத்த வீட்டிலும் தருவார்கள்.

டிவியில் பென்டிரைவ் போட்டு ஓட்டுபவர்களுக்கு ஒரு குறிப்பு. கோப்பின் பெயரைத் தமிழில் வைத்தால் சில டிவிகளில் கட்டம் கட்டமாகத் தெரியும். வகுப்பு, பாடம், வரிசை என்று 07-04-01 போல எண்ணாக வையுங்கள். வீடியோ எம்பி4 ஆக இருக்கட்டும். முதல் நாள் மாலையே பள்ளி டிவியில் போட்டுப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போங்கள்.

எமிஸ் என்ற கல்வித் துறைப் பதிவுத் தளத்தின் வேலை பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. வருகைப்பதிவில் தொடங்கி எல்லாம் செயலி வழிதான். சிக்னல் வரும் பாறைக்கு ஆசிரியர் போனைத் தூக்கிக்கொண்டு போனால் அந்த நேரம் வகுப்பு யாரிடம்? எங்கள் பள்ளியில் ஒரு பேப்பர் நோட்டு வைத்திருக்கிறோம். வகுப்பில் பதிவதெல்லாம் அதில். பிறகு ஒரே ஆள், ஒரே முறை, எல்லா வகுப்புக்கும் சேர்த்து ஏற்றுவார். வாரம் ஒருவர் முறை. ஹெச்.எம். ஒப்புக்கொண்டால் நீங்களும் செய்யலாம். ஏற்ற முடியாத நாளில் தேதி, நேரம், திரையில் வந்த செய்தி மூன்றையும் அதே நோட்டில் எழுதிவிடுங்கள். இது பின்னால் உதவும், சொல்கிறேன்.

அவசரத்தில் பிள்ளைகளின் பெயர், ஆதார் எண், வங்கிக் கணக்கு எல்லாம் அடங்கிய பட்டியலை வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடும் வழக்கம் எல்லா ஊரிலும் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். 2023-ல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 18 வயதுக்குக் கீழே எல்லோரும் குழந்தைகள்தான். அவர்கள் தகவலைக் கையாளப் பெற்றோர் ஒப்புதல் என்பதுதான் அதன் அடிப்படை. சட்டத்தை விடுங்கள், உங்கள் பிள்ளையின் ஆதாரை இப்படி யாராவது நூறு பேருக்கு அனுப்பினால் சும்மா இருப்பீர்களா?

மலையில் இல்லாதவர்களுக்கு இதெல்லாம் தேவையில்லை என்று நினைக்க வேண்டாம். 2018 மே 22-ல் தூத்துக்குடி துப்பாக்கிச் சூடு நடந்ததும், தூத்துக்குடி, நெல்லை, குமரி மூன்று மாவட்டங்களிலும் அரசே இணையத்தை நிறுத்தியது. பத்தாம் வகுப்பு முடிவு வந்த வாரம் அது. பொறியியல் கலந்தாய்வு முதன்முதலாக ஆன்லைனுக்கு மாறிய ஆண்டும் அதுதான், விண்ணப்பக் காலம் ஓடிக்கொண்டிருந்தது. காஷ்மீரில் 2019 ஆகஸ்டில் போன 4ஜி, 2021 பிப்ரவரியில்தான் முழுமையாகத் திரும்பியது; நடுவில் கொரோனா காலத்து ஆன்லைன் வகுப்பை 2ஜியில் நடத்தினார்கள். விண்ணப்பம், உதவித்தொகை போன்றவற்றைக் கடைசி நாள் வரை வைத்திருக்காமல் முதல் வாரத்திலேயே முடிக்கச் சொல்லுங்கள். ஒப்புகைச் சீட்டை அச்செடுத்துக் கொடுங்கள்.

இவ்வளவும் சமாளிப்புதான். இணைப்பைக் கேட்டு வாங்கும் வேலையையும் கூடவே செய்ய வேண்டும். கிராமங்களுக்கு இணையம் கொண்டுபோகும் மத்திய அரசின் பாரத்நெட் திட்டத்தில் தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் கண்ணாடியிழை கொண்டு போவதை டான்ஃபினெட் என்ற அரசு நிறுவனம் பார்க்கிறது. ஊராட்சி அலுவலகம் வரை கம்பி வந்திருக்கிறதா என்று முதலில் ஊராட்சிச் செயலரிடம் கேளுங்கள். வந்திருந்தால் அங்கிருந்து பள்ளிக்கு எத்தனை மீட்டர் என்று அளந்து குறித்துக்கொள்ளுங்கள். தொலைத்தொடர்பு ஆணையமான டிராயின் மைஸ்பீடு செயலியில் காலை, மதியம், மாலை என்று பள்ளி வளாகத்தில் வேகத்தைச் சோதித்துத் திரையைப் படமெடுத்து வையுங்கள். இந்த அளவுகளும், முன்பு சொன்ன நோட்டில் உள்ள தேதிகளும்தான் உங்கள் மனுவுக்குச் சரக்கு. "நெட் சரியாக வருவதில்லை" என்று பொதுவாக எழுதும் மனு கோப்பிலேயே தூங்கும். "இந்தத் தேதியில், இந்த நேரத்தில், இத்தனை மாணவர் பதிவை ஏற்ற முடியவில்லை; அளந்த வேகம் இவ்வளவு; இழை ஊராட்சி அலுவலகம் வரை வந்துள்ளது, பள்ளி இத்தனை மீட்டரில் உள்ளது" என்று எழுதினால் யாராவது பதில் சொல்லியாக வேண்டும்.

மனுவை ஆசிரியர் பெயரில் கொடுக்காமல், பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் தீர்மானமாக நிறைவேற்றிக் கொடுங்கள். குழுவில் பெற்றோர்தான் அதிகம் என்பதால் அதன் கனம் வேறு. அதே தீர்மானத்தைக் கிராம சபையிலும் பெற்றோரை விட்டு வைக்கச் சொல்லுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு முறை சபை கூடுகிறது. தீர்மானம் பதிவேட்டில் ஏறியதும் அதன் எண்ணைக் கேட்டு வாங்குங்கள், நகலைப் போனில் படமெடுத்துக்கொள்ளுங்கள். வட்டாரக் கல்வி அலுவலகத்தில் கொடுக்கும்போது இரண்டு பிரதி கொண்டு போய், ஒன்றில் தேதியோடு முத்திரை வாங்கி வாருங்கள்.