படிப்பவரே இயக்கிப் பார்க்கும் ஆவணம்

தமிழ்ச் சொல்லை எழுத்தெழுத்தாகப் பிரித்துத் தரும் சின்ன பைத்தான் லைப்ரரி (மற்றவர்கள் தங்கள் நிரலில் சேர்த்துக்கொள்ளும் தொகுப்பு) ஒன்றைப் பராமரிக்கிறேன். அதன் பயன்பாட்டு ஆவணத்தைத் திறப்பவருக்கு வரும் முதல் சந்தேகம், "பைத்தானிலேயே நீளத்தை எண்ணிச் சொல்லும் லென் இருக்கிறதே, இது எதற்கு?" என்பதுதான். இதற்குப் பத்தி பத்தியாகப் பதில் எழுதத் தேவையில்லை. ஒரு பெட்டியில் 'தமிழ்' என்று போட்டு, பக்கத்தில் 'இயக்கு' பொத்தானை வையுங்கள். லென் 5 என்று காட்டும், லைப்ரரி 3 என்று காட்டும். த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று, கணினியில் எழுத்துகளுக்கு எண் தரும் முறையான யூனிகோடு தனித்தனியாக எண்ணுவதை ஒரு வரியில் சொன்னால் போதும். அடுத்து அவர் தன் பெயரைப் போட்டுப் பார்ப்பார்.

எல்லா நிரல் துண்டுக்கும் பொத்தான் வேண்டாம். நிறுவும் கட்டளைக்கு நகலெடுக்கும் வசதியே தாராளம். உள்ளீட்டை மாற்றினால் விடை மாறுகிற இடங்களுக்கு மட்டும் வையுங்கள். பெட்டியைக் காலியாக விடாதீர்கள். மாதிரியும் அதன் விடையும் முன்பே தெரியட்டும், சும்மா படித்துவிட்டுப் போகிறவரும் இருக்கிறார். 'அடுத்து, அடுத்து' என்று அழுத்தச் சொல்லும் வழிகாட்டிக் குமிழ்களை நான் இதில் சேர்ப்பதில்லை. அவற்றை மூடத்தான் எல்லோரும் தேடுகிறார்கள்.

பெட்டியில் உள்ள நிரலை இயக்குவதற்குப் பையோடைட் போதும். மொசில்லாவில் 2018-இல் தொடங்கிய திட்டம் இது. பைத்தானை வெப்அசெம்பிளியாக, அதாவது உலாவியால் ஓட்ட முடிகிற வடிவமாக மாற்றி உலாவிக்குள்ளேயே ஓட்டுகிறது. யாரோ எழுதும் நிரல் உங்கள் சர்வரில் ஓடாது என்பது பெரிய நிம்மதி. உங்கள் லைப்ரரி முழுக்கப் பைத்தானில் எழுதியதாக இருந்தால், அதன் வீல் கோப்பை (நிறுவத் தயாரான பொதி) பையோடைட்டின் நிறுவும் கருவியான மைக்ரோபிப் ஏற்றிவிடும்.

ஆனால் பையோடைட் பல எம்பி எடை. பக்கம் திறந்ததுமே இறக்காமல், முதல் தடவை பொத்தானை அழுத்தும்போது இறக்குங்கள். 'பைத்தான் இறங்குகிறது' என்று அங்கேயே காட்டுங்கள். அப்புறம், அதை வெப் வொர்க்கரில், அதாவது பக்கத்தைத் தொடாமல் பின்னணியில் ஓடும் தனி இழையில் ஓட்டுவது கட்டாயம். இல்லையென்றால், யாராவது முடிவில்லாத லூப் எழுதினால் பக்கமே உறைந்துவிடும். வொர்க்கர் என்றால் 'நிறுத்து' பொத்தானில் அதை முடித்துவிட்டுப் புதியதைத் தொடங்கலாம். 'பழையபடி' என்ற பொத்தானும் வேண்டும். திரும்ப வழி இருந்தால்தான் துணிந்து மாற்றுவார்கள். பிழை வந்தால் கடைசி வரியை மட்டும் காட்டி, மீதியை மடித்து வையுங்கள்.

சரி, மாதிரிகள் பழசாகிப் போவதை எப்படித் தடுப்பது? ஆவணத்தில் வரும் அதே மாதிரிகளை ஒவ்வொரு வெளியீட்டுக்கு முன்பும் டாக்டெஸ்ட் கொண்டு சோதியுங்கள். மாதிரியை ஓட்டி, எழுதியிருக்கும் விடையோடு ஒப்பிடும் இது, பைத்தானோடு கூடவே வருகிற கருவிதான். கோ என்ற நிரல் மொழியில் இப்படிச் சோதிப்பது ஊறிப்போன பழக்கம்: எடுத்துக்காட்டுக்குக் கீழே எதிர்பார்க்கும் விடையைக் குறிப்பாக எழுதினால், சோதனை ஓடும்போது அதுவும் சரிபார்க்கப்படும்.

உங்களுடையது ஏபிஐ (வேறு நிரல்கள் இணையம் வழியாகக் கேட்டுப் பெறும் சேவை) என்றால், ஆவணப் பக்கத்திலிருந்தே அதை அழைத்துப் பார்க்க ஸ்வாகர் யூஐ இருக்கிறது. அது உண்மையான சர்வரைத் தொடும் என்பதால் சோதனைக் கணக்கு மட்டும் கொடுங்கள்.

சிக்கலான உள்ளீட்டையும் நீங்களே வையுங்கள். என் பக்கத்தில் இரண்டு 'கோ' இருக்கின்றன. கண்ணுக்கு ஒன்றுதான், ஆனால் ஓகாரக் குறியை ஒரே குறியாக வைத்தால் லென் 2, ஏகாரக் குறியும் காலுமாகப் பிரித்து வைத்தால் 3. கீழே, பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் யூனிகோடின் என்எஃப்சி முறைக்கு மாற்றும் வரியை முடக்கி வைத்திருக்கிறேன். அதன் முன்னால் உள்ள # குறியை எடுத்துவிட்டு இயக்கினால் இரண்டும் 2 ஆகும்.