உள்ள பாதி காலி, கீழ ஃபுல்: விர்ச்சுவல் டிஸ்க்குல நான் பண்ண தப்பெல்லாம்

கடலூர் மஞ்சக்குப்பத்துல ஒரு ஆடிட்டர் ஆபீஸ், சர்வர் செட் பண்ணது நான்தான், அதனால திட்டும் எனக்குத்தான். 1 டிபி எஸ்எஸ்டி, அதுல லினக்ஸ் எல்விஎம் (டிஸ்க் இடத்தைப் பிரிச்சுக் கொடுக்குற வசதி) தின் பூல், அதாவது எல்லாத்துக்கும் பொதுவான ஒரே இடம், மேல நாலு விஎம் (சர்வருக்குள்ள ஓடுற விர்ச்சுவல் கம்ப்யூட்டர்), ஒவ்வொன்னுக்கும் 500 ஜிபி. கூட்டினா 2 டிபி வருதேன்னு கேக்காதீங்க, தின் பூல்னாலே அப்படித்தான், எழுத எழுதத்தான் நிஜ டிஸ்க்குல இடம் எடுக்கும். சரியா 20-ந் தேதி, ஜிஎஸ்டிஆர்-3பி கடைசி நாள், நாலும் ஒன்னா நின்னுடுச்சு. உள்ள போய் பாத்தா ஒவ்வொன்னும் பாதி காலின்னு காட்டுது, ஆனா கீழ பூல் ஃபுல்!

300 பேருக்கு பத்திரிகை வச்சிட்டு 150 இலைக்கு சமைக்கிற கணக்குதான் இது. அது தப்பில்ல, ஆனா பந்தியை யாராவது எட்டி எட்டிப் பாத்துக்கிட்டே இருக்கணும், நான் பாக்கல. எல்விஎஸ்னு கமாண்ட் அடிச்சா டேட்டா எத்தனை சதவீதம், மெட்டாடேட்டா (எது எங்க இருக்குங்கிற கணக்கு) எத்தனை சதவீதம்னு வரும், பாக்க வேண்டியது அந்த ரெண்டைத்தான், விஎம் உள்ள காட்டுற காலி இடம் வெறும் வாய்ச்சொல். பூல் நிறைஞ்சா டீஃபால்ட்டா 60 செகண்ட் காத்திருக்கும், அதுக்குள்ள இடம் கொடுக்கலன்னா புதுசா எழுத வர்றதுக்கு எர்ரர்தான். தானா பெரிசாக்குற வசதி இருக்கு, ஆனா கான்ஃபிக் ஃபைல்ல எத்தனை சதவீதம் நிறைஞ்சா பெரிசாக்கணும்ங்கிற அளவு 100-னு கிடக்கும், 100-ன்னா ஆஃப்னு அர்த்தமாம் (அன்னிக்குத்தான் எனக்கே தெரியும்). 80-னு மாத்திட்டு, வால்யூம் குரூப்ல (பூலுக்கு இடம் கொடுக்குற டிஸ்க்கெல்லாம் சேந்த தொகுப்பு) கொஞ்சம் இடத்தைத் தொடாம வைங்க, மிச்சமே இல்லன்னா எங்கேர்ந்து எடுத்து பெரிசாக்கும்?

அவசரத்துக்கு இன்னொரு எஸ்எஸ்டி மாட்டி அதே குரூப்ல சேத்தேன். அது அடுத்த தப்பு. ரெய்டு (ஒரு டிஸ்க் செத்தாலும் டேட்டா தப்பிக்கிற ஏற்பாடு) இல்லாம ரெண்டு டிஸ்க்கை ஒட்டினா எது செத்தாலும் பூல் மொத்தமும் போச்சு. அப்புறம் பழைய ஃபைலெல்லாம் அழிச்சேன், பூல் அசையவே இல்ல, ஏன்னா விஎம் உள்ள அழிச்சது கீழ தெரியாது, விர்ச்சுவல் டிஸ்க்குல டிஸ்கார்ட் (அழிச்ச இடத்தைக் கீழ சொல்ற வசதி) ஆன் பண்ணி உள்ள எஃப்எஸ்ட்ரிம்ங்கிற கமாண்டை ஓட்டினதும்தான் சரசரன்னு இறங்குச்சு.

வால்யூமை (விஎம்முக்குப் பிரிச்சுக் கொடுத்த டிஸ்க் துண்டு) சின்னதாக்குறப்ப முதல்ல அதுக்குள்ள ஃபைல்களை அடுக்கி வைக்கிற ஃபைல்சிஸ்டம், அப்புறம்தான் வால்யூம். மாத்திப் பண்ணா டேட்டாவோட வால் அறுந்துடும். ஃபைல்சிஸ்டம் எக்ஸ்எஃப்எஸ் வகைன்னா சின்னதாக்குற ஆசையே வேணாம்.

ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து டிஸ்க் நிலையைப் பிடிச்சு வைக்கிறது) எடுத்துட்டு பேக்கப் இருக்குன்னு சொல்றவங்கதான் இங்க ஜாஸ்தி. பழைய மாடல் எல்விஎம் ஸ்னாப்ஷாட்டுக்கு 10 ஜிபி ஒதுக்கினீங்கன்னா, ஒரிஜினல்ல அதுக்கு மேல மாறினதும் ஸ்னாப்ஷாட் செல்லாமப் போயிடும், தின் ஸ்னாப்ஷாட்டோ அதே பூலைத்தான் தின்னும். அப்டேட்டுக்கு முன்னாடி எடுங்க, வேலை முடிஞ்சதும் தூக்கிடுங்க, எப்படியும் அது இருக்கறது அதே டிஸ்க்குலதானே.

"காப்பி பாண்டி பிராஞ்ச்ல இருக்கு சார், கவலைப்படாதீங்க"ன்னு அந்த ஆபீஸ்ல சொன்னாங்க. 2011 டிசம்பர் 30-ல தானே புயல் கடலூருக்கும் பாண்டிக்கும் நடுவுலதான் கரை ஏறுச்சு, ரெண்டு ஊரும் சேந்து இருட்டுல கிடந்துச்சு. இப்ப ஒரு காப்பி ராத்திரி ராத்திரி திருச்சிக்குப் போவுது.