லேட்டனோடு துப்பறியலாம் வாங்க: கைக்கன்சோல் புதிர் கேம்களுக்கு ஒரு தொடக்கம்

துப்பறியும் கேம் என்றதும் துப்பாக்கியும் துரத்தலும் இருக்குமோ என்று தயங்க வேண்டாம். கையில் பிடித்து விளையாடும் இரட்டைத் திரை கருவியான நின்டெண்டோ டிஎஸ்ஸுக்காக 2007-ல் ஜப்பானில் வெளியான ‘புரொபசர் லேட்டன் அண்ட் தி க்யூரியஸ் வில்லேஜ்’ கேமுக்குக் கை வேகமே தேவையில்லை. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

கதை இதுதான். ரைன்ஹோல்ட் பிரபு இறந்துவிட்டார். ‘தங்க ஆப்பிளை’ யார் கண்டுபிடிக்கிறாரோ அவருக்கே சொத்து முழுவதும் என்று உயில். அதைத் தேடி, புதிர் விடுவிப்பதில் கெட்டிக்காரரான பேராசிரியர் லேட்டனும் அவருடைய சீடன் லூக்கும் செயின்ட் மிஸ்டேர் என்ற ஊருக்கு வருகிறார்கள். அங்கே யாரிடம் வாயைக் கொடுத்தாலும் பதிலுக்கு முன்னால் ஒரு புதிர் வந்து விழும்.

படி 1: கேட்ரிட்ஜ்

கேட்ரிட்ஜ் என்பது கருவியில் செருகும் கேம் அட்டை. இந்த கேமின் கேட்ரிட்ஜ் பழைய டிஎஸ், டிஎஸ் லைட், 3டிஎஸ் எதிலும் ஓடும். எந்த நாட்டில் வாங்கினாலும் பரவாயில்லை, ஆங்கிலப் பதிப்புதானா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். கைப்பேசிக்கான எச்டி பதிப்பும் உண்டு.

படி 2: காகிதமும் பென்சிலும்

திரையிலேயே கிறுக்கிப் பார்க்கும் மெமோ வசதி டிஎஸ்ஸில் இரண்டாவது லேட்டன் கேமில்தான் வந்தது. முதல் கேமுக்குப் பக்கத்தில் ஒரு நோட்டு கட்டாயம்.

படி 3: கண்ணில் பட்டதையெல்லாம் தட்டுங்கள்

ஜன்னல், பீப்பாய், விளக்குக் கம்பம், புகைபோக்கி என்று எதையும் விடாமல் ஸ்டைலஸால் (தொடுதிரைப் பேனா) தட்டினால், புதிருக்குத் துப்பு வாங்க உதவும் ஹின்ட் காயின் கிடைக்கும். சில இடங்களில் மறைந்திருக்கும் புதிரே வெளியே வரும். காயின்கள் அளவாகத்தான் இருக்கின்றன, அதனால் ஆரம்பத்திலேயே வாரி இறைக்காதீர்கள்.

படி 4: கேள்வியை இரண்டு முறை படியுங்கள்

பாதி வெற்றி இங்கேதான். புதிர்களை அமைத்த அகிரா டாகோ உளவியல் பேராசிரியராக இருந்தவர். கணக்கை விட, நாம் அவசரப்பட்டு ‘இப்படித்தான் இருக்கும்’ என்று முடிவுகட்டும் இடத்தில்தான் அவர் பொறி வைப்பார். பக்கம் பக்கமாகச் சமன்பாடு எழுத நேர்ந்தால் பெரும்பாலும் வழி தவறிவிட்டது என்று அர்த்தம்.

ஓநாய், கோழிக்குஞ்சுப் புதிரைப் பாருங்கள். மூன்று ஓநாய்கள், மூன்று குஞ்சுகள், ஒரு தெப்பம். எல்லாம் பத்திரமாக அக்கரை சேர வேண்டும். ஒரு நேரத்தில் இரண்டு மட்டுமே ஏறலாம். ஓநாயோ குஞ்சோ ஒன்றாவது ஏறாமல் தெப்பம் நகராது. எந்தக் கரையிலாவது ஓநாய்கள் எண்ணிக்கையில் மிஞ்சினால் குஞ்சுகள் காலி. நம் புலி, ஆடு, புல்லுக்கட்டுக் கதையின் உறவுக்காரப் புதிர்தான்.

நோட்டில் இரண்டு கரை வரைந்து, ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு வரி எழுதுங்கள். ஐந்தாவது பயணம் முடிந்ததும் அக்கரையில் இரண்டு ஓநாய், இரண்டு குஞ்சு. இக்கரையில் ஒவ்வொன்று. இங்கேதான் எல்லோரும் சிக்குவார்கள். திரும்பி வரும்போது ஒன்றைத்தான் கூட்டிவர வேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லையே! அக்கரை சேர்ந்தவற்றில் ஒரு ஓநாயையும் ஒரு குஞ்சையும் திரும்பக் கொண்டுவாருங்கள். அப்புறம் தானாகவே வழி திறக்கும். மொத்தம் 11 பயணம், அதற்குக் குறைவாக முடியாது.

படி 5: தவறான விடையும் ஹின்டும்

ஒவ்வொரு புதிருக்கும் பிக்காரட் என்ற மதிப்பெண் உண்டு. முதல் இரண்டு தவறுகளுக்கு அது குறையும், அதன் பிறகு குறையாது. ஒரு புதிருக்கு மூன்று ஹின்ட், ஒன்றுக்கு ஒரு காயின். முதல் ஹின்ட் பல சமயம் சப்பென்று இருக்கும். மூன்றாவது கிட்டத்தட்ட விடையையே சொல்லிவிடும். முதலாவதை வாங்கிவிட்டு ஒரு டீ குடித்து வருவது என் கட்சி. யூடியூபில் விடை தேடுவதாக இருந்தால் இந்த கேமை விளையாடவே வேண்டாம்.

படி 6: விட்டுப்போன புதிர்கள்

கதை நகர்ந்ததும் தவறவிட்ட புதிர்கள் ரிடில்டன் பாட்டியின் குடிசைக்குப் போய்ச் சேரும். பிறகு அங்கே போய் முயலலாம். லேட்டனின் பெட்டியைத் திறந்து அவ்வப்போது சேவ் செய்யுங்கள்.

இதை முடித்தவர்களுக்கு அடுத்தது எது? டிஎஸ்ஸைப் புத்தகம் போலப் பக்கவாட்டில் பிடித்து விளையாடும் ‘ஹோட்டல் டஸ்க்: ரூம் 215’ நல்லது, ஆனால் கதை மெதுவாக ஊரும். என் ஓட்டு ‘கோஸ்ட் ட்ரிக்’குக்குத்தான். அதில் நீங்கள் ஆரம்பத்திலேயே செத்துப்போன ஆள். ஆவியாகப் பொருள்களுக்குள் புகுந்து, இன்னொருவர் சாவதற்கு நான்கு நிமிடம் முன்னால் போய் அவரைக் காப்பாற்ற வேண்டும். 2023-ல் நின்டெண்டோவின் ஸ்விட்ச் கன்சோலுக்கும் வந்துவிட்டது. அதன் முடிவை யாராவது சொல்ல ஆரம்பித்தால் எழுந்து போய்விடுங்கள்.