மூலையில வந்து உயிரை வாங்குற பாப்அப்ப நிறுத்துறது எப்படி

ஸ்க்ரீன் ஓரத்துல "உங்க கம்ப்யூட்டர்ல வைரஸ்"னு அடிக்கடி வருதா, பாதி நேரம் அது வைரஸே இல்லைங்க, ஏதோ சைட் நோட்டிஃபிகேஷன் அனுப்பலாமான்னு கேட்டப்போ தெரியாம 'அலோ' (Allow) அமுக்கிருப்பீங்க அவ்ளோதான். குரோம் செட்டிங்ஸ்ல பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ்னு உள்ள போய் அனுமதி லிஸ்ட்ல இருக்குற தெரியாத பேரையெல்லாம் ரிமூவ் பண்ணுங்க. பாப்அப்ல இருக்குற நம்பருக்கு மட்டும் போன் போட்டுடாதீங்க, எல்லாம் ஃபிராடு.

அப்பவும் வந்தா எக்ஸ்டென்ஷன் (குரோம்ல கூடுதலா சேர்ற குட்டி புரோகிராம்) பாருங்க, கூப்பன், பிடிஎஃப் கன்வர்ட்டர்னு நீங்க போடாதது எதாவது உக்காந்திருக்கும், தூக்கிடுங்க. விண்டோஸ் 11ல இன்ஸ்டால்டு ஆப்ஸ தேதி வாரியா அடுக்கி, தொல்லை ஆரம்பிச்சப்போ வந்ததை அன்இன்ஸ்டால் பண்ணுங்க. அப்புறம் மால்வேர்பைட்ஸ் கம்பெனியோட ஆட்வ்கிளீனர் (AdwCleaner, விளம்பரத் தொல்லை புரோகிராம்களை நீக்குற டூல்), ஃப்ரீதான், அவங்க சைட்லயே எடுத்து ஒரு ஸ்கேன் ஓட்டுங்க (கூகுள்ல மேல வர்ற விளம்பர லிங்க் வேணாம்). அதுக்கும் அடங்கலேன்னா குரோம ரீசெட் பண்ணுங்க, புக்மார்க், பாஸ்வேர்டெல்லாம் போகாது.