ஆராய்ச்சியை விடுதியிலிருந்து தொடங்குங்கள்

போதனா வைத்தியசாலையில் ஆராய்ச்சியை வளர்ப்பது பற்றிப் பேச்சு எடுத்தாலே, காசு யார் தருவார், எந்தப் பல்கலைக்கழகம் சேர்ந்து வரும் என்றுதான் முதலில் கேட்கிறோம். மட்டக்களப்பில் வேலை செய்பவர்களுக்கு நான் சொல்வது, அது பிறகு வரட்டும், முதலில் உங்கள் நோயாளர் விடுதியில் திரும்பத் திரும்ப எழும் கேள்வி ஒன்றைப் பிடியுங்கள்.

பெரும்போக மழைக்குப் படுவான்கரைப் பக்கமிருந்து காய்ச்சல்காரர் வருவார்கள். டெங்கு, எலிக்காய்ச்சல் உடனே ஞாபகத்துக்கு வரும், மெலியோய்டோசிஸ் அவ்வளவு லேசில் வராது. வயல் மண்ணிலும் தண்ணீரிலும் வாழும் ஒரு பக்டீரியாவால் வரும் நோய் அது. சீனி வருத்தம் உள்ளவர்களை அதிகம் தாக்கும், எக்ஸ்றேயில் காசநோய் போலவே தெரியும், வழக்கமாகக் கொடுக்கும் ஜென்டமைசின் பெரும்பாலும் கேட்காது. இரத்தத்தைக் கல்ச்சருக்கு (கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனைக்கு) அனுப்பிக் கிருமியைக் கண்டுபிடித்தால் செஃப்டாசிடிம் அல்லது மெரோபெனெம் கொடுத்து, பிறகு மாதக்கணக்கில் குளிசை கொடுத்துக் காப்பாற்றலாம். வரும் காய்ச்சல்காரரில் எத்தனை பேருக்கு இந்த நோய் என்ற கேள்வியை நம் மண்ணில் இருப்பவர்கள் கேட்காமல் வேறு யார் கேட்பது?

சரி, இப்போது பழைய பெட் ஹெட் டிக்கட் (நோயாளியின் சிகிச்சைக் குறிப்பேடு) இருபதை எடுத்துப் புரட்டுங்கள். நான் பார்த்த ஒன்றில் "காய்ச்சல் 6 நாள், இருமல்" என்று இருந்தது, தொழில் எழுதும் இடம் வெறுமையாக இருந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் நின்ற தாதி, "ஐயா, வயலுக்குள்ள கடைசியா எப்ப இறங்கினீங்க?" என்று கேட்டதும் நோயாளி காலை நீட்டி ஆறாத புண்ணைக் காட்டினார். அந்தக் கேள்வி படிவத்தில் இல்லாவிட்டால் ஆராய்ச்சியும் இல்லை. ஆகவே ஒரே ஒரு பக்கத்தில் வயது, ஊர், தொழில், காய்ச்சல் எத்தனை நாள், சீனி உண்டா, புண் உண்டா, கல்ச்சர் முடிவு என்ன என்று போடுங்கள். பெயர் வேண்டாம், இலக்கம் போதும். எந்த இலக்கம் யாருடையது என்ற கொப்பியை வேறிடத்தில் பூட்டி வையுங்கள்.

ஆட்களைத் தேர்வதில் பலர் தவறுவது இங்கேதான். இன்டேர்ன் ஒரு வருடத்தில் போய்விடுவார், வைத்தியர்களுக்கும் இடமாற்றம் வரும். தாதியரும் ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர்களும் பெரும்பாலும் நீண்டகாலம் நிற்பார்கள். அவர்களுக்கு வாரத்தில் ஒரு மணித்தியாலம் ஒதுக்கி, ஒரு கட்டுரையைச் சேர்ந்து வாசியுங்கள், தகவலைக் கணினியில் ஏற்றப் பழக்குங்கள், அதற்கான மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. புள்ளிவிபரம் தெரிந்த ஒருவரைத் தகவல் சேர்க்கும் முன்பே கூப்பிட்டு உட்கார வையுங்கள், சேர்த்து முடித்த பிறகு அவராலும் ஒன்றும் செய்ய ஏலாது.

எதிக்ஸ் (ஆய்வு நெறிமுறை) அனுமதியும் அப்படித்தான். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுகாதாரப் பராமரிப்பு விஞ்ஞானங்கள் பீடத்தில் மீளாய்வுக் குழு இருக்கிறது, தகவல் எடுக்கத் தொடங்கும் முன் அங்கே போங்கள். மருந்தையோ சிகிச்சையையோ பரிசோதிக்கும் ஆய்வென்றால், முதல் நோயாளியைச் சேர்க்குமுன் இலங்கை மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டிலும் பதியுங்கள். ஒப்புதல் படிவம் தமிழில் இருக்கட்டும், அம்பாறையையும் சேர்ப்பதென்றால் சிங்களத்திலும் வேண்டும். வாசிக்கத் தெரியாத அம்மாவுக்கு அவசரப்படாமல் வாசித்துக் காட்டுங்கள்.

அப்புறம் பங்காளிகள். சில வருடங்களுக்கு முன் ஒரு வெளிக் குழுவுக்கு நாங்கள் மாதக்கணக்கில் மாதிரி எடுத்துக் கொடுத்தோம், கட்டுரை வந்தபோது எங்கள் ஆள் ஒருவர் பெயர்கூட இல்லை, முடிவுகளும் எங்களுக்கு வரவில்லை. இன்றும் மனது ஆறவில்லை. தகவல் சேகரித்துக் கொடுத்தால் மட்டும் கட்டுரையாசிரியர் ஆக முடியாது என்பது மருத்துவச் சஞ்சிகைகள் பின்பற்றும் விதி. ஆகவே ஆய்வைத் திட்டமிடும்போதும் எழுதும்போதும் நம்மவர் ஒருவர் இருக்க வேண்டும் என்று முதல் கூட்டத்திலேயே கேளுங்கள். தகவலின் பிரதி எங்கே இருக்கும், மாதிரி நாட்டை விட்டுப் போகுமா, போனால் மிச்சத்தை என்ன செய்வார்கள், வாங்கிய கருவி யாருக்கு, எல்லாவற்றையும் எழுத்தில் வாங்குங்கள். தயங்கும் பங்காளியை விட, பக்கத்துக் கல்முனையில் அதே காய்ச்சலைப் பார்க்கும் வைத்தியர் எவ்வளவோ மேல்.

முடிவு கையில் வந்ததும் சஞ்சிகைக்கு அனுப்பும் முன்பே விடுதியில் சொல்லுங்கள். பகல் 1 மணிக்கு ஷிப்ட் மாறும் நேரம் நல்லது, அந்தப் படிவத்தை நிரப்பிய இரண்டு பகுதித் தாதியரும் அப்போது அங்கே இருப்பார்கள்.